காலி வகுப்பில் ஒரு "உள்ளேன் ஐயா"

என் வீட்டு அதிகாரியம்மாவுக்கு, முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். ஒரு வெட்கக்கேடு: நேற்று காலி வகுப்பில் தனியாக நின்று "உள்ளேன் ஐயா" என்றேன்.

பள்ளிக்கூடத்தை நடத்துவதும் மூடுவதும் இங்கே ஊர்ப் பள்ளிக்குழுவின் பொறுப்பு. பிள்ளைகள் குறைந்ததால் மூடுவதற்குக் குழுவின் ஏழு பேரும் கூடினார்கள். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"வாட்ச்மேன், நீ என்னப்பா சொல்றே?" என்றார் தலைவர்.

"எங்கிட்ட ஓட்டு இல்லீங்க, டீதான் இருக்கு" என்றேன்.

சிரித்துக்கொண்டே கைதூக்கி மூடிவிட்டார்கள். மூட வேண்டாமென்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்குக் காலி வகுப்பில் யாரோ வருகைப்பதிவேட்டில் பேர் வாசிப்பது கேட்கிறது. நேற்று என் பேர் வந்தது.

பயப்படாதே. உன் போட்டோ ஒன்று அனுப்பு, முறைத்தபடி இருந்தாலும் துணைக்காகும்.

அவசரம், முடிக்கிறேன். குழு சொன்னபடி பள்ளிக்கூட மணியைக் கழற்றி அலமாரியில் பூட்டியிருந்தேன். இன்று காலை பத்துக்கு அது பூட்டிய அலமாரிக்குள்ளேயே தானாக அடித்தது. திறந்தேன். காலில் விழுந்தது. கட்டைவிரல் வீங்கியிருக்கிறது.