மூளை டாக்டரின் அப்பாவுக்கு

தலை வழியத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு என் கல்லூரிக்கு வந்து நின்ற அப்பாவுக்கு,

களைப்பாக இருக்கிறது அப்பா. இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை. அம்மாவிடம் சொன்னால், "நீ படிச்சுக் கிழிச்சது போதும், வந்து தூங்கு" என்பாள். கூடப் படிப்பவர்களிடம் சொல்லலாம் என்றால் அவர்களும் இதே கதியில்தான் கிடக்கிறார்கள். தேஹு ரோடில் புனே லோக்கல் ரயில் ஏறி நின்றுகொண்டே போகிறேன், நின்றுகொண்டே வருகிறேன். பட்டப்படிப்பின் கடைசி வருடத்துக்கு வந்துவிட்டேன். ஆனால் நான் என்ன படிக்கிறேன் என்று நம் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அதற்கு நீங்கள்தான் காரணம்.

கோபத்தில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கோபம்தான்.

முதல் வருடம் ஞாபகம் இருக்கிறதா? மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்கிற, வயர் தொங்கும் தொப்பியை மாட்டிப் பழக எங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. தலையில் எண்ணெய் இருந்தால் ஒன்றும் சரியாகப் பதியாது. "தலைக்குக் குளிச்சிட்டு வாங்கப்பா" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். நீங்களும் குளித்தீர்கள். குளித்த கையோடு, பெண்ணின் காலேஜுக்குப் பரட்டைத் தலையோடா போவது என்று எண்ணெயை அப்பி, வகிடெடுத்துச் சீவி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றீர்கள். "அரே அங்கிள், இத்னா தேல்!", இவ்வளவு எண்ணெயா என்று என் வகுப்பு மராத்திப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். வாஷ் பேசினில் உங்களைக் குனியவைத்து நான்தான் ஷாம்பூ போட்டேன். "மெதுவாம்மா, கண்ணு எரியுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். உங்களுக்கு ஒரே வெட்கம்.

பிறகு தொப்பியோடு ஒரு போட்டோ. மறுநாளே அதை நீங்கள் வேலை பார்த்த ராணுவ டிபோ முழுக்கக் காட்டி, "எம் பொண்ணு மூளை டாக்டருக்குப் படிக்குது" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். "ஐயோ, டாக்டர் இல்லப்பா. எஜுகேஷனல் நியூரோசயின்ஸ்" என்றேன். "அதத்தாம்மா தமிழ்ல சொன்னேன்" என்றீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்தோம். சாமான்களோடு அந்த டாக்டர் பட்டமும் கூடவே வந்துவிட்டது. ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி, இன்னொருவரின் மாமியாருக்கு மறதி, எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். "இன்னும் படிச்சுட்டிருக்கேன்" என்று இளித்துவிட்டு நழுவுவேன். இல்லை என்று சொன்னால் நீங்கள் பொய் சொன்னதாக ஆகிவிடுமே. செத்துப்போன மனுஷரைப் பொய்யராக்க எனக்கு வாய் வரவில்லை.

கீழ் வீட்டுச் செல்வி அக்காவிடம்தான் மாட்டிக்கொண்டேன். உங்கள் செக்‌ஷனில் வேலை பார்த்த முருகன் மாமாவின் மனைவி. அவர்கள் பெண் யாமினி மூன்றாம் வகுப்பு. வாயைத் திறந்தால் கதை கதையாகச் சொல்வாள். புத்தகத்தைப் பிரித்தால் ஒரு வரி தாண்டாது. டீச்சர் கூப்பிட்டுப் பேசியதிலிருந்து மாமா ஒரே பிடியாக நிற்கிறார். விழுப்புரத்தில் தங்கச்சி வீட்டில் விட்டு, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போட்டால் சரியாகிவிடும் என்று.

போன ஞாயிறு செல்வி அக்கா யாமினியோடு வந்தாள். குழந்தையின் தலைமுடி காய்ந்து பஞ்சாகப் பறந்துகொண்டிருந்தது. "எண்ணெய் வெக்காமத்தான் கூட்டியாந்திருக்கேன். எண்ணெய் இருந்தா மிஷின் புடிக்காதுன்னு உங்கப்பா சொல்லியிருக்காரு" என்றாள். உங்களுக்குத் தெரியாத விஷயத்தைக்கூட என்னிடம் கேட்டுக்கொண்டுபோய் ஊருக்கே பாடம் எடுத்திருக்கிறீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா, நான் டாக்டர் இல்ல. அந்தத் தொப்பிய மாட்டி ஒரு குழந்தைக்கு என்ன கஷ்டம்னு சொல்லவும் முடியாது. அப்பா ஏதோ ஆசையில சொல்லிட்டாரு."

அக்கா யாமினியை அடுப்படிக்கு, என் அம்மாவிடம் அனுப்பினாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்: "நீ டாக்டர் இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும்டி. எங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரியாது. உங்கப்பா சொன்னா அவருக்கு வேதவாக்கு. நீ வந்து 'அனுப்பாதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. எம் புள்ள எங்கிட்டயே இருக்கும்."

பார்த்தீர்களா அப்பா, உங்கள் வாய் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? யாரிடமாவது ஸ்டெதஸ்கோப் இரவல் வாங்கி என் கழுத்தில் மாட்டியே அனுப்பியிருப்பீர்கள்.

சாயங்காலம் கீழே இறங்கினேன். மாமா டிவியை அணைத்துவிட்டு எழுந்து நின்றார். "வாங்க டாக்டரம்மா" என்றார். என்னைத் தூக்கி வளர்த்த மனுஷர்! தலையை ஆட்டியிருந்தால் போதும், காரியம் முடிந்திருக்கும். முடியவில்லை. நான் அரிச்சந்திரன் பரம்பரை என்பதால் இல்லை. இந்த வேஷத்தைச் சுமந்து எனக்கு அலுத்துவிட்டது அப்பா, அவ்வளவுதான்.

"மாமா, நான் டாக்டர் இல்ல."

செல்வி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப அண்ணன் சொன்னது?"

"என் படிப்பு பேரு அவரு வாயில நுழையல."

"பின்ன என்னதான் படிக்கிற நீ?"

ஒரு நொடியில் 'வாங்க' போய் 'நீ' வந்துவிட்டது. இந்தக் கேள்விக்கு நான் இங்கிலீஷில் எத்தனையோ தடவை மேடையேறிப் பதில் சொல்லியிருக்கிறேன். தமிழில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தட்டுத் தடுமாறித்தான் வந்தது. "பிள்ளைங்க எப்படிப் படிக்கக் கத்துக்குது, சில பிள்ளைங்களுக்கு ஏன் வர மாட்டேங்குதுன்னு படிக்கிறேன் மாமா. யாமினி மக்கு இல்ல. அவளுக்கு எழுத்து மனசுல ஒட்ட நேரமாகுதுன்னு எனக்குத் தோணுது. அப்படி இருந்தா, ஊரை மாத்தினா மட்டும் சரியாயிடாது. அங்க அம்மாவும் பக்கத்துல இருக்க மாட்டாங்க. இதைச் சோதிச்சுப் பாத்துச் சொல்றவங்க சிவாஜிநகர் ஆஸ்பத்திரில இருக்காங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

மாமா டிவி ரிமோட்டை எடுத்து, மறுபடி கீழே வைத்தார்.

"டாக்டரா இருந்தா ஒரு மாத்திரைய எழுதிக் குடுத்துட்டுப் போயிருப்ப" என்றார். "சரி, கூட்டிட்டுப் போ. அவங்க சொல்ற வரைக்கும் ஊருக்கு டிக்கெட் போடல."

செல்வி அக்கா டீ போட எழுந்து போனாள். யாமினிக்குத்தான் ஏமாற்றம். "அப்ப தொப்பி கிடையாதாக்கா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

படியேறி வரும்போது நினைத்துக்கொண்டேன். மாமாவிடம் சொன்னேனே, அது உங்களுக்குச் சுலபமாகப் புரிந்திருக்கும். டிபோவில் டீ குடிக்கிற நேரத்தில் எல்லோரிடமும் அழகாகச் சொல்லியிருப்பீர்கள். இல்லை, கேட்டுவிட்டு அப்போதும் "அதத்தாம்மா நானும் சொன்னேன்" என்றிருப்பீர்களா?

நாளைக்குக் காலை லோக்கலில் யாமினியும் என்னோடு வருகிறாள். ஆஸ்பத்திரி முடிந்ததும் கல்லூரிக்குக் கூட்டிப்போய் அந்தத் தொப்பியை அவள் தலையில் ஒருதரம் வைத்துக் காட்டப்போகிறேன். என்ன படிக்கிறாய் என்று இனி யார் கேட்டாலும் மழுப்ப மாட்டேன். உள்ளதைத் தமிழில் சொல்வேன். சொல்லி முடித்ததும், "எங்கப்பா இதத்தான் மூளை டாக்டர்னு சொல்லுவாரு" என்றும் சொல்வேன். உங்களைப் பொய்யராக்காமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை அப்பா.

உங்கள் தலைக்கு ஷாம்பூ போட்ட,
டாக்டர் ஆகப்போகாத மகள்,
கவிதா