நீ பார்க்காத கை

அன்புள்ள இல்லாளுக்கு,

வேங்கிக்கால் வாசகர் வட்டத்தின் செயலாளர் தரணேந்திரன் ஆகிய நான், நேற்று நீ தொலைபேசியில் கேட்ட கூட்டத்தில் உன்னால் பார்க்க முடியாததைத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன். முறைப்படி முதலிலிருந்து சொல்கிறேன்.

மகளின் பிரசவத்துக்காக நீ புனே சென்றதிலிருந்து இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை. மூன்றாவதும் தவறினால் உறுப்பினர் பெயர் நீங்கிவிடும் என்பது நான் எழுதிய விதி. தொலைபேசியில் கலந்துகொள்வதும் வருகையே என்று புலவர் இளஞ்செழியன் தீர்மானம் கொண்டுவந்தார். நான் எதிர்த்துப் பேசினேன். மனைவிக்காக விதியை வளைத்தான் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

வாக்கெடுப்பின்போது மேசைமேல் இருந்த கைப்பேசியில் உன் சத்தமே இல்லை. "லைன் கட்டாயிடுச்சா?" என்றேன்.

"இல்லீங்க. கை தூக்கிக்கினு நிக்கிறேன். ஓட்டு போடும்போது பேசக்கூடாதுனு நீங்கதானே விதி போட்டீங்க."

கூட்டமே சிரித்தது. "இவங்க வரலைனு எழுதப் போறீங்களா சார்?" என்றார் கவிநிலா டீச்சர்.

தீர்மானம் நிறைவேறியது என்று அறிவித்தேன். தூக்கிய கைகளில் என்னுடையதும் ஒன்று என்பதை மட்டும் அறிவிக்கவில்லை.

உன் நாற்காலியில் இதுவரை யாரையும் உட்கார விட்டதில்லை. அதற்கு விதி எதுவும் கிடையாது.

புதிய விதி செயலாளருக்கும் பொருந்தும். ஆகவே வரும் ஞாயிறன்று காட்பாடியில் ரயில் ஏறுகிறேன். அடுத்த கூட்டத்தைப் புனேயிலிருந்தே, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு நடத்துவேன்.

இப்படிக்கு,
உன் கணவன்