நாற்பத்தேழு சிவப்பு அட்டைகள்

ஜூன் 3, செவ்வாய்

வாசலில் நிற்கும் பழைய வேன் வண்டியில் இன்று பதினேழாவது சிவப்பு அட்டை ஏறியது. கழிவறைத் தாழ்ப்பாளில். 'இறுக்கமாக உள்ளது. பயணத்தின்போது சிக்கிக்கொள்ள வாய்ப்பு.' கீழே என் வீட்டுக்காரருடைய கையெழுத்து, தேதி, நேரம்.

முப்பத்தொரு வருடம் இவர் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். பொருளைப் பார்ப்பார், குறை கண்டுபிடிப்பார், சிவப்பு அட்டை கட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். சரிசெய்வது வேறு யாருடைய வேலையோ. ஓய்வுபெற்ற அன்று ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். மீதமிருந்த அட்டைக் கட்டை இவரே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

என் மேல் இன்னும் ஒன்றும் கட்டவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசிக்கிறார் போலும்.

ஜூன் 8, ஞாயிறு

அக்காவின் வாராந்திர போன். ஆகஸ்ட் பத்தொன்பது விமானம் ஏறுகிறாள். வெளிநாட்டிலிருக்கும் மகனோடு இருக்கப் போகிறாள், ஒரேயடியாக.

"போறதுக்குள்ள உன்னை ஒரு தடவை பார்க்கணும்டி."

"வண்டி ரெடியாகிட்டிருக்குக்கா."

"நாலு மாசமா அதையேதான் சொல்றே."

இங்கேயாவது உள்ளதை எழுதி வைக்கிறேன். எனக்கு முக்கால் மணிக்கு ஒருதரம் ஒன்றுக்குப் போயாக வேண்டும். மாத்திரை போட்டால் ஒரு மணி தாங்கும். அக்கா வீடு பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். மூன்று வருடம் முன்பு அத்தான் இறந்தபோது போய்விட்டுத் திரும்புகையில் டிரைவரிடம் இரண்டு தடவை கெஞ்சினேன். 'அடுத்த ஸ்டாப்ல பார்க்கலாம்மா' என்றான். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. ஜன்னலோர இருக்கையில், நனைந்த துணியோடு, நாலு மணி நேரம்.

இவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு இந்த ஊர் எல்லையை நான் தாண்டவில்லை. அதனால்தான் இந்த வண்டியை வாங்கினார். இருபத்தாறு வயது வண்டி. இரண்டு படுக்கை, ஒரு அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, மூலையில் அலமாரி அளவுக்கு ஒரு கழிவறை. கொண்டுவந்த அன்று அந்தச் சின்னக் கதவைத் திறந்து காட்டிவிட்டு ஓரமாக நின்றார். இந்த மனிதரை என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. எவ்வளவு செய்வார் என்பது அப்போது தெரியாது.

ஜூன் 15, ஞாயிறு

முதல் மழை. வண்டிக் கூரை ஒழுகி என் தலையணை நனைந்தது. சரியாக என் தலையணை மட்டும். இவருடையது காய்ந்துதான் கிடக்கிறது.

மேல் ஜன்னலைச் சுற்றிப் பசை பூச ஏறியவர் ஏணி வழுக்கி வைப்பரை உடைத்தார். வைப்பரை மாட்டப் போய் வயரை இழுத்தார். இப்போது உள் விளக்கு எரியவில்லை. கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதை. பூதத்துக்கும் ஒரு அட்டை கட்டியாயிற்று. மொத்தம் இருபத்திரண்டு.

ஜூன் 16

மறுபடி மழை. மறுபடி என் தலையணை.

ஜூன் 24

மெக்கானிக் வந்தார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஒருநிமிஷம்'. எப்போது கூப்பிட்டாலும் 'ஒரு நிமிஷம்மா, வந்துட்டே இருக்கேன்' என்பார். இந்த ஒரு நிமிஷம் ஒன்பது நாள்.

ஆனால் கைகாரர். பிரேக், டயர், ஸ்டியரிங், கேஸ் குழாய், பேட்டரி எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு டயரை மாற்றினார், ஒரு வயரை முறுக்கினார், விளக்கு எரிந்தது.

"வண்டி தங்கம் சார். நாளைக்கே கிளம்பலாம்."

இவர் முகம் சுருங்கிப் போயிற்று. "எதை வெச்சு சொல்றீங்க?"

"முப்பது வருஷமா இதைத்தானே சார் பண்றேன்."

"அது ஆதாரம் இல்லையே."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்.

ஜூலை 2, புதன்

யாரும் குழாயைத் திறக்காமலே தண்ணீர் பம்ப் நாலு நிமிஷத்துக்கு ஒருதரம் தானாக உறுமுகிறது. இவர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறார். பழைய வண்டிக்காரர்கள் குழு. ஒருவர் பம்பை மாற்றச் சொன்னார். இன்னொருவர் பேட்டரியை மாற்றச் சொன்னார். மூன்றாமவர் வண்டியையே மாற்றச் சொன்னார். நாலாமவர் தன் வண்டியைக் கழுவித் துடைத்து, படம் எடுத்துப் போட்டு, 'காலை வணக்கம்' என்றிருந்தார்.

நான் 'ஒருநிமிஷ'த்துக்கு போன் போட்டேன். "எங்கயோ சொட்டு சொட்டா கசியுதும்மா. குழாய்ல அழுத்தம் குறையறப்ப பம்ப் தானா ஓடும். எல்லாக் குழாய்க்கும் அடியில காகிதம் வெச்சுப் பாருங்க, எது நனையுதுன்னு."

கழிவறைக் குழாயின் கீழே வைத்த காகிதம் நனைந்தது. உள்ளே நைந்துபோன ஒரு ரப்பர் வளையம். இவரே மாற்றினார், பத்தே நிமிஷத்தில். பம்ப் வாயை மூடிக்கொண்டது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

மனிதர் கையைத் துடைத்தார், கண்ணாடியை மாட்டினார், தான் செய்த வேலையைத் தானே குனிந்து பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்தார்.

"இப்ப எதுக்குங்க?"

"வேலை செஞ்சவனே பாஸ் போடக் கூடாது. அட்டை கட்டினவனே அவுக்கக் கூடாது. மூணாவது ஆள் பார்த்துக் கையெழுத்துப் போடணும். அதான் முறை."

தொழிற்சாலையில் எண்ணூறு பேர் இருந்தார்கள். இங்கே செய்தவரும் இவர், கட்டியவரும் இவர். ஆக, இந்த வண்டியில் ஏறுகிற அட்டை எதுவும் இனி இறங்காது. சரிசெய்யச் செய்யக் குறை கூடுகிற வண்டி உலகத்திலேயே எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

கூரை ஒழுகலை நானே கண்டுபிடித்தேன்! மூன்று தடவை மேல் ஜன்னலுக்குப் பசை பூசியாயிற்று, ஒழுகல் நிற்கவில்லை. தையல் மேசையிலிருந்து சாக்பீஸை எடுத்துப் போய் உள்கூரையின் ஒவ்வொரு இணைப்பிலும் தடவி வைத்தேன். மழை வந்தது. எல்லாக் கோடும் அப்படியே இருக்க, பின்பக்க விளக்கின் ஓரத்தில் மட்டும் சாக்பீஸ் கரைந்து ஓடியிருந்தது. தண்ணீர் அங்கே நுழைந்து, கூரைக்குள்ளேயே நாலடி நடந்து வந்து, என் தலையணையில் இறங்கியிருக்கிறது. பசையை அங்கே பூசினேன். மறுபடி மழை வந்தது. தலையணை நனையவில்லை.

இவர் மெய்யாகவே மகிழ்ந்து போனார். 'எனக்குத் தோணலையே' என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு அட்டை: 'ஒரு மழைதான் பார்க்கப்பட்டது. ஆதாரம் போதாது.'

எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று கேட்டாள்: "இவ்வளவு சிவப்பா தொங்குதே, விலைச் சீட்டா? விக்கப் போறீங்களா?"

ஜூலை 20, ஞாயிறு

அக்காவோடு சண்டை. "உனக்கு வர இஷ்டமில்லன்னா நேரா சொல்லேன்டி, பாவம் அந்த வண்டி மேல ஏன் பழியப் போடறே?" என்றாள்.

எனக்கும் சுருக்கென்றது. "நீ வந்தியா? என் கண் ஆபரேஷனுக்கு வர்றேன் வர்றேன்னு சொல்லிட்டுக் கடைசி நாள்ல காய்ச்சல்னியே, நான் ஏதாவது கேட்டேனா?"

"அது வேற" என்று வைத்துவிட்டாள்.

என்ன வேற? எப்படி வேற? நான் சின்னவள், நான்தான் ஓட வேண்டும், அவள் நாற்காலியில் உட்கார்ந்து வரவேற்பாள். சின்ன வயசிலேயே அப்படித்தான்.

ஆனால் போய்விட்டால் போய்விட்டதுதானே. இனிமேல் போனில் மட்டும்தான் அக்கா. அவளுக்கு அறுபத்தெட்டு.

ஜூலை 27, ஞாயிறு

இன்று போன் வரவில்லை. நானும் போடவில்லை.

அட்டைகளை எண்ணினேன். நாற்பத்தேழு. படுக்கையில், அடுப்பில், திரைச்சீலைக் கம்பியில். வண்டிச் சாவியின் வளையத்தில் ஒன்று: 'வளையம் தளர்ந்துள்ளது.'

அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. கத்தினேன். தெருவே கேட்டிருக்கும், கேட்கட்டும். உங்களுக்கு வண்டி வேணுமா, அட்டை வேணுமா? அக்கா போயிடுவா, அப்புறம் இதுல ஏறி நான் யாரைப் பார்க்கப் போறேன்? உங்க அட்டையையா?

இவர் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக:

"நடுவழியில நின்னுடுச்சுன்னா? தண்ணி வரலன்னா, அந்தக் கதவு திறக்கலன்னா? அன்னிக்கி நீ பஸ்ல இருந்து இறங்கி வந்தப்ப உன் மூஞ்சியப் பார்த்தேன். அது பஸ்ஸு, எவனோ டிரைவர். என் வண்டியிலயும் உனக்கு அப்படி ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

பாவி மனுஷன். பயத்தைக்கூடவா அட்டையில் எழுதித் தொங்கவிடுவார்கள்? வாயால் சொல்லியிருந்தால் நாற்பத்தேழு அட்டை மிச்சமாகியிருக்குமே.

எனக்குக் கோபம் போகவில்லை. ஆனால் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஜூலை 28

மூன்றாவது ஆள்! எனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

ஜூலை 31, வியாழன்

'ஒருநிமிஷ'த்தைக் கூப்பிட்டேன். அதிசயம், ஒரு மணி நேரத்தில் வந்தார். இவரையும் உட்கார வைத்து இவருடைய சட்டத்தை இவருக்கே சொன்னேன். "செஞ்சது நீங்க, கட்டினது நீங்க. மூணாவது ஆள் நான். நான் செஞ்ச கூரை வேலைக்கு மூணாவது ஆள் மெக்கானிக். இதுல முறை ஏதாவது தப்பா?"

இவர் யோசித்தார். முறையில் ஒரு ஓட்டையும் இல்லை. முப்பத்தொரு வருடம் முறை, முறை என்றே வாழ்ந்த மனிதர், எப்படி மறுப்பார்?

மெக்கானிக்கிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். "இதுல எதால எங்க உயிர் போகும்?"

"உயிர் போறது எல்லாத்தையும் அன்னிக்கே பார்த்தாச்சும்மா. மிச்சமெல்லாம் கொஞ்சம் சத்தம், கொஞ்சம் ஆட்டம்."

ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, ஆட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு அவிழ்த்தேன்; கூரை அட்டையை மட்டும் மெக்கானிக் அவிழ்த்தார். கழிவறைத் தாழ்ப்பாளுக்கு மெக்கானிக் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார், அதற்கே அது வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. நாற்பத்தாறு அட்டை இறங்கியது. திரைச்சீலைக் கம்பி மட்டும் நிஜமாகவே உடைந்திருக்கிறது. அதன் அட்டையை நானே மறுபடி இறுக்கிக் கட்டினேன். இவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஆகஸ்ட் 4, திங்கள்

கிளம்பிவிட்டோம். நேற்று அக்காவுக்கு நானே போன் போட்டு, 'வர்றோம், வண்டிக்குள்ளேயே பாத்ரூம் இருக்கு' என்று மட்டும் சொன்னேன். வண்டி நாற்பதுக்கு மேல் போக மறுக்கிறது, இவரும் வற்புறுத்தவில்லை. சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போய்க் கையசைத்தார்.

ஓடும்போது உள்ளே போகக் கூடாது என்பது இவர் சட்டம். 'என்னங்க' என்றால் போதும், ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நிற்கிறார். இதுவரை ஏழு தடவை. மூன்றாவது தடவை பம்ப் ஓடவில்லை. இவர் முகம் வெளுத்துவிட்டது. குடத்துத் தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டு வந்தேன். அவ்வளவுதான், உலகம் முடியவில்லை. ஒரு ஃபியூஸ் போயிருந்தது. மாற்றினார். அட்டையைத் தேடிக் கை சட்டைப் பைக்குப் போனதைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் வந்து சேர்ந்தோம். அக்கா வாசலுக்கு வந்தாள். ரொம்ப மெலிந்திருக்கிறாள். கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டி வண்டியைப் பார்த்தாள்.

"உள்ள பாத்ரூம் இருக்குன்னியே. நிஜமாவே இருக்கா?"

மூன்று வருடம் கழித்துப் பார்க்கிறோம், முதல் பேச்சு இது. ஏறினாள். அந்தச் சின்னக் கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பிறகு என் படுக்கையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நாலு வருஷமாச்சுடி. அரை மணிக்கு ஒருதரம். கடைகண்ணிக்குக்கூடப் போறதில்ல. உன் ஆபரேஷனுக்கு டிக்கெட் எடுத்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். பஸ்ஸப் பார்த்ததும் கால் வரல, திரும்பிட்டேன். காய்ச்சல்னு பொய் சொன்னேன். உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ சிரிப்பியே."

நான் சிரிக்கவில்லை. பஸ்ஸில் எனக்கு நடந்ததைச் சொன்னேன். ஜன்னலோர இருக்கை, நாலு மணி நேரம், எல்லாம். அவள்தான் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அப்படிச் சிரித்தாள். பிறகு எனக்கும் வந்துவிட்டது.

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே வியாதி. இரண்டு பேரும் மற்றவளுக்குத் திமிர் என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருடத்தை வீணாக்கியிருக்கிறோம்.

ஆகஸ்ட் 11

இரண்டு பெட்டி கட்டியாயிற்று. மூன்றாவதற்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். சுகமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

டாக்ஸியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வண்டியிலேயே விமான நிலையம் போனோம். பதினோரு இடத்தில் நிறுத்தினோம். நான் ஐந்து, அவள் ஆறு. பெரியவள் என்று அதிலும் ஒன்று கூட.

விமானத்தில் நடைபாதை ஓரத்து இருக்கையாக மாற்றித் தரும்படி மகனிடம் கேட்டாளாம். எதற்கு என்று கேட்டதற்கு உள்ளபடியே சொல்லிவிட்டாளாம். "அவன் ஒண்ணுமே சொல்லலடி. உடனே மாத்திட்டான். இதுக்கா இத்தனை வருஷம் பயந்தேன்?" என்றாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கூட்டத்தில் தெரியவில்லை.

திரும்பும் வழியில், நான் ஒன்றும் சொல்லாமலே, இவர் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். எனக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அழத்தான் வேண்டியிருந்தது. அழுது முடிக்கும்வரை இஞ்சினை அணைத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.