ஜன்னல் கம்பியில் உன் குடை

உன் குடை இன்னும் நம் ஆபீஸின் அந்த ஜன்னல் கம்பியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்புக் குடை, சிமெண்டுத் தூசியேறிச் சாம்பல் நிறமாகியிருந்தது. நாலு வருடம் பெரம்பலூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வேலை பார்த்துவிட்டு, ஆபீஸுக்குத் திரும்பக் கூப்பிட்டதால் இன்று காலைதான் பஸ் பிடித்து அரியலூர்ப் பக்கத்து நம் சிமெண்டு ஆலைக்கு வந்தேன். கைப்பையில் ஒரு கடிதம். தொடர்ந்து வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டு எழுதியது. மத்தியானத்துக்குள் மேனேஜரிடம் கொடுத்துவிடுவதாக இருந்தேன்.

நம் இரண்டு பேருக்கும் ஒரே வேலை. லோடு ஏற்றிய லாரிகளுக்குப் புறப்பாட்டுச் சீட்டுப் போடுவது. நான் நாற்காலியை விட்டு எழ மாட்டேன். நீயோ ஒவ்வொரு சீட்டுக்கும் குடையை விரித்துக்கொண்டு லாரிகள் நிற்கும் இடத்துக்கு நடப்பாய். எப்போது தூங்கினீர்கள் என்று டிரைவரிடம் கேட்டு, அவர் முகத்தைப் பார்ப்பாய். கண் சிவந்திருந்தால் சீட்டு கிடையாது. டிரைவர்கள் உனக்குக் கண் டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். "கண்ணாடி எழுதிக் குடுக்கறதுதான்டி பாக்கி" என்று நானும் கிண்டல் செய்திருக்கிறேன்.

ஒருமுறை சென்னை லோடு ஒன்றை மூன்று மணி நேரம் நிறுத்தி வைத்தாய். மேனேஜர் ஃபோனில் கத்தியது எனக்கே கேட்டது. டிரைவரை ஃபோனிலேயே விசாரித்துவிட்டு அனுப்பக் கூடாதா என்றார்.

"ஃபோன்ல எல்லாருமே நல்லாத்தான் சார் இருக்காங்க. நான் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

ஃபோனை வைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாய். புளிசாதத்தில் பாதியை என் பக்கம் தள்ளிய கை நடுங்கியது. உனக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தேன். பயந்துகொண்டேதான் செய்கிறாய் என்று அன்று தெரிந்தது. உன் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

வீட்டிலிருந்து வேலை என்றானபின் எல்லாம் சுலபமாகிவிட்டது. டிரைவரிடம் ஃபோனில் கேட்பேன், சீட்டுக்குப் பட்டனை அழுத்துவேன். இரண்டாம் வருடம் ஒரு டிரைவர், "தூங்கிட்டேங்கம்மா, போட்டு விடுங்க" என்றார். போட்டுவிட்டேன். வாலிகண்டபுரம் தாண்டி அவர் கண்ணசந்து, வண்டி பள்ளத்தில் இறங்கியது. கால் முறிவோடு பிழைத்தார். என்னை யாரும் குறை சொல்லவில்லை. உனக்கு மட்டும் ஃபோன் செய்து அழுதேன். நீ அப்போது புற்றுநோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளத் திருச்சிக்குப் போய் வந்துகொண்டிருந்தாய்.

"உன் தப்புன்னு சொல்ல மாட்டேன்டி. ஆனா அவர் மூஞ்சியப் பார்த்திருந்தா நீ அனுப்பியிருக்க மாட்ட."

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்தது. நாலே மாதத்தில் நீ போய்விட்டாய். கோபம் எப்போது தீர்ந்ததென்று தெரியவில்லை, நீ சொன்னது மட்டும் இருக்கிறது.

இன்று பதினொரு மணிக்கு முதல் சீட்டு கம்ப்யூட்டர் திரையில் வந்தது. ஃபோனை எடுத்தேன். வைத்துவிட்டுக் குடையை எடுத்தேன். விரித்ததும் தூசி தலையெல்லாம் கொட்டியது. வெளியே, மீசை நரைத்த ஒரு டிரைவர் குடையைக் கண்டதும் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார். கிட்டே போனதும் அவர் முகம் மாறியது.

"கொடையப் பார்த்ததும் அந்தம்மான்னு நெனச்சுட்டேங்க."

நீ இறந்துபோனதைச் சொன்னேன். நான் கேட்காமலே, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கண் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

"ரெண்டு மணி நேரம் படுங்கண்ணே. அப்புறம் சீட்டு போடறேன்."

லாரி நிழலில் துண்டை விரித்துப் படுத்தார். நான் ஆபீஸ் படியேறுவதற்குள் செல்ஃபோன் அடித்தது. வண்டி ஏன் நிற்கிறது என்றார் மேனேஜர். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

"நான் பார்த்துட்டுத்தான் சொல்றேன் சார்" என்றேன்.

பையிலிருந்த கடிதத்தைக் கொடுக்கவில்லை. அதன் பின்பக்கம் காலியாக இருந்தது. அதில்தான் இதை உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.