ரோஸ் வீட்டடி

அக்கா,

என் நகக்கண்ணில் இன்னும் பெயின்ற் ஒட்டியிருக்கிறது. தேங்காய்த் தும்பால் தேய்த்தும் போகவில்லை. சோறு பிசையும்போது அந்த மணம் லேசாக வருகிறது. வரும்போதெல்லாம் நீங்கள் என் குசினி வாசலில் வந்து நிற்கிறீர்கள். அது சந்தன நிறப் பெயின்ற். நீங்கள் தெரிவுசெய்த நிறம், பன்னிரண்டு வருடமாக என் சுவரில் நான் ஏறவிடாத நிறம். கடைசியில் என் கையாலேயே அந்த வாளியைத் திறந்து பூசத் தொடங்கினேன் என்று கேட்டிருந்தால், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு எப்படிச் சிரித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

வீட்டை விற்கிறேன், அக்கா. சுற்றி வளைத்துச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முல்லைத்தீவுக் கரையில் தம்பி தன் வளவில் ஒரு துண்டுக் காணி தந்திருக்கிறான். இரண்டு அறையும் ஒரு விறாந்தையுமாகச் சின்ன வீடு எழும்புகிறது. உப்புக் காற்றுத்தான் என் முழங்கால் வலிக்கு மருந்து என்கிறான் அவன். வைத்தியர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முப்பத்தைந்து வருடம் மருத்துவ மாதுவாக, ஊருக்கெல்லாம் 'மிசி'யாக, மற்றவர்களின் வீடுகளுக்கு ஸ்கூட்டியில் ஓடித் திரிந்தவளுக்கு, இனிக் கடலைக் கேட்டுக்கொண்டு ஒரு இடத்தில் இருக்கலாம் என்று ஆசை வந்துவிட்டது.

எங்கள் வீட்டுத் திட்டத்தில் அப்படி நினைத்த மாத்திரத்தில் விற்றுவிட முடியுமா? முப்பத்திரண்டு வீடுகளுக்கும் சேர்த்து நீங்கள் தொடக்கிய சங்கம், உங்கள் கையெழுத்தில் நிரம்பிய அந்தத் தடித்த சி.ஆர். கொப்பி, எல்லாம் அப்படியே இருக்கின்றன. செயலாளர் தவம் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு காலையில் வந்தார். வீட்டுக்கு முன்னால் ஓடும் வாய்க்காலைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். பிறகு என் ரோஸ் சுவரை நீண்ட நேரம் பார்த்தார்.

"மிசி, கோவிக்கக் கூடாது. கொப்பியில இருக்கிறதை வாசிக்கிறன்" என்றார்.

"வாசியுங்கோ தவம்."

"வாய்க்கால் துப்புரவா இருக்கவேணும். வேலி எல்லையில நிக்கவேணும். வாங்கிற ஆக்கள் கூட்டத்துக்கு வந்து எல்லாரோடயும் தேத்தண்ணி குடிக்கவேணும்." நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டார். "மிசி இருக்கும்வரைக்கும் வீடு ரோஸ் நிறத்தில இருக்கலாம். விற்கிற அண்டைக்குச் சங்க நிறத்துக்கு மாத்திக் குடுக்கவேணும்."

"எனக்குத் தெரியும். அதுக்குக் கீழ என்ர கையெழுத்தும் இருக்கு" என்றேன்.

அந்தக் கையெழுத்து வந்த கதை இப்போது நம் இருவரில் எனக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும்.

நாங்கள் இங்கே வந்து ஒரு வருடம் இருக்கும். வீடுகள் பூச்சில்லாத கல்லாக நின்றன. நீங்கள் வீடுவீடாகப் போய், எல்லோரும் ஒரே நிறம் அடிப்போம் என்று சம்மதம் வாங்கி, நிறத்தைத் தெரிவுசெய்ய ஒரு கூட்டமும் வைத்தீர்கள். நான் ஒரு பிரசவத்துக்காக ஒட்டுசுட்டானில் நின்றுவிட்டதால் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அடுத்த கிழமை மாங்குளத்துக் கடையில் எனக்குப் பிடித்த நிறத்தை வாங்கி வந்து, ஒரே நாளில் அடித்து முடித்துவிட்டேன். மாலையில் நீங்கள் கொப்பியோடு படலையில் நின்றீர்கள்.

"இதென்ன மிசி, கலியாண வீடோ?"

"என்ர வீடு. நான் விரும்பின நிறம்."

"கூடிப் பேசி ஒரு நிறம் எடுத்திருக்கிறம்."

எனக்குக் களைப்பு, பசி, முதுகுவலி. இருந்தும் அவற்றில் எதுவும் நான் சொன்னதற்குச் சாட்டு ஆகாது. "எல்லா வீட்டுக்கும் ஒரே நிறம் அடிச்சா லயம் மாதிரித்தான் கிடக்கும்" என்றேன்.

நீங்கள் கொப்பியை மூடிக்கொண்டு போய்விட்டீர்கள். நீங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவில் பிறந்தவர் என்பதும், எட்டு வயதில் உங்கள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் காட்டோரம் வந்தவர் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை மன்னிப்புக் கேட்கப் போக வேண்டும் என்று நான் முகம் கழுவிக்கொண்டிருக்க, நீங்களே வந்துவிட்டீர்கள். கையில் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நான் சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"நான் லயத்தில பிறந்தவதான் மிசி. அங்க துரையின்ர ஆக்கள் வந்து அடிச்சுப்போட்டுப் போவினம், எங்களிட்டக் கேக்கமாட்டினம். இது நாங்களே கூடிச் சண்டை பிடிச்சு எடுத்த நிறம். அதுதான் வித்தியாசம்."

நான் ரொட்டியை வைத்துவிட்டு அழுதேன். பிறகு என் நிறத்தின் கதையையும் சொன்னேன். கரையில் எங்கள் பழைய வீடு இந்த ரோஸ் நிறம்தான். அப்பா விடியலில் வள்ளத்தில் திரும்பும்போது, தென்னைகளுக்குள் அந்த நிறத்தைத் தேடித்தான் கரை பிடிப்பார். அந்த வீடும் இல்லை, அப்பாவும் இல்லை. கடையில் அந்த நிறத்தைக் கண்டதும் கை தானாக நீண்டுவிட்டது.

"இதை நேற்றே சொல்லியிருந்தா நான் இவ்வளவு மாவைக் குழைச்சிருக்க மாட்டன்" என்றீர்கள். அடுத்த கூட்டத்தில் நீங்களே எழுந்து, கொப்பியில் அந்த விதிவிலக்கை எழுதினீர்கள். நான் கையெழுத்து வைத்தேன். அன்று முதல் உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே அடுப்பு என்று ஊர் சொல்லத் தொடங்கியது.

அதனால்தான், அக்கா, தவம் வாசித்தபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை. வாக்கு உங்களுக்குக் கொடுத்தது. உங்களுக்குக் கொடுத்த வாக்கை நீங்கள் இல்லாத நேரத்தில் முறிப்பது எனக்கு முடியாது.

வேலையைத் தொடங்கினேன். அலுமாரியை வெளியே இழுத்தேன். குசினி ராக்கையைக் காலிசெய்தபோது உங்கள் ஏனங்கள் வரத் தொடங்கின. மூடியில்லாத தூக்கு, பிடி ஆடும் தாச்சி, இரண்டு சில்வர் கோப்பை, இடியப்ப உரலின் அச்சு. எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டு வெட்கத்தோடு உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். உங்கள் வீட்டுக்காரர் அண்ணை உள்ளே போய், என்னுடைய ஒரு கூடை சாமானோடு வந்தார். என் நல்ல கத்தி அதற்குள் இருந்தது! நான் அதைத் தேடி மூன்று வருடம். நீங்களும் என்னோடு சேர்ந்துதானே தேடினீர்கள்?

"அவாக்குத் தெரியும், மிசி" என்றார் அண்ணை. "அந்தக் கத்தியாலதான் மீன் வெட்டுறவா."

வீட்டை வாங்குகிறவர்கள் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, காட்டுப் பக்கம் இருந்து வந்தார்கள். கணவன் அரிசி ஆலையில் வேலை, மனைவி முன்பள்ளி ஆசிரியை. அங்கே யானை இரண்டு தரம் வேலியைப் பிரித்து, வாழையையும் பிள்ளையின் ஊஞ்சலையும் முறித்துவிட்டுப் போனதாம். அந்தப் பிள்ளை வீட்டைச் சுற்றி மூன்று முறை ஓடினாள். தாய் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "இங்கயும் யானை வருமோ மிசி?"

"வராது பிள்ளை. வந்தாலும் சங்கத்தில கடிதம் எடுத்துக்கொண்டுதான் உள்ளுக்க வரலாம்."

அவள் சிரித்த சிரிப்பில் வீடு கைமாறிவிட்டது என்று நினைத்தேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் சந்தன நிற வாளியைத் திறந்து, கிணற்றடிப் பக்கச் சுவரில் பூசத் தொடங்கினேன். முன்பக்கத்தில் தொடங்க மனம் வரவில்லை. ஒரு சுவர் முடியும்போது பொழுது சாய்ந்துவிட்டது. றோட்டில் போன பேருந்தின் நடத்துநர் வழமைபோல், "ரோஸ் வீட்டடி இறங்கிற ஆக்கள் வாங்கோ!" என்று கத்தியது கேட்டது. எந்தப் பலகையிலும் இல்லாத பெயர். எப்போது, யார் வைத்தார்கள் என்று எனக்கே தெரியாது. நான் தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

ஞாயிறு பின்னேரம் பொது மண்டபம் நிறைந்திருந்தது. தேத்தண்ணியும் மலிபன் பிஸ்கட்டும் சுற்றி வந்தன. புது ஆட்களைத் தவம் அறிமுகப்படுத்தினார். "மிசி விதிப்படி நிறத்தையும் மாத்திறா. ஆருக்கும் ஆட்சேபனை இல்லையே?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டார். சில்லறைக் கடைக்காரர் எழும்பினார்.

"எனக்கு இருக்கு. லொறிக்காரனுக்கு என்ர கடை, ரோஸ் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கை எண்டுதான் தெரியும். மாத்தினா சாமான் புதுக்குடியிருப்புக்குப் போயிடும்."

பின்னால் இருந்து ஒரு பெண்: "என்ர மருமகள் முதல்முதல் இறங்கினதே ரோஸ் வீட்டடியிலதான்."

ஆளுக்கு ஆள் பேசினார்கள். தவம் கையை உயர்த்தினார். அவர் முகம் சிவந்திருந்தது. "எனக்கும் விருப்பம்தான். ஆனால் அவா எழுதின விதி. அவா போய் ஒரு வருசம் ஆகேல்ல. அவான்ர எழுத்தை வெட்டுற துணிவு எனக்கில்லை" என்றார். எழும்பி நின்றவர்கள் மெல்ல உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் அண்ணை எழும்பினார். எட்டு வருடம் நீங்கள் தலைவியாக இருந்தும், ஒரு கூட்டத்திலும் வாய் திறக்காத மனிதர். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் ஒண்டு சொல்லட்டோ. வவுனியா ஆஸ்பத்திரியால அவாவைக் கடைசியாக் கூட்டிக்கொண்டு வரேக்க, வான் சீற்றில படுத்துக்கிடந்தவா. எழும்பிப் பாக்க ஏலாது. மாங்குளத்தில திரும்பினதில இருந்து ஒரே கேள்வி, 'ரோஸ் வீடு தெரியுதோ?' இல்லை எண்டன். கொஞ்சத் தூரம் போக, 'இப்ப தெரியுதோ?' பிறகும் அதே கேள்வி. தெரியுது எண்டு சொன்ன உடன, 'அப்ப வீட்டை வந்திட்டம்' எண்டு கண்ணை மூடினவா." என்னைப் பார்த்தார். "மிசியிட்டச் சொல்லவேண்டாம், தலைக்கனம் வந்திடும் எண்டும் சொன்னவா."

மண்டபம் முழுக்கச் சிரித்தது, அக்கா. நானும் சிரித்தேன். கண்ணீர் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். பக்கத்தில் இருந்த ஆசிரியைப் பிள்ளை, யாரென்றே தெரியாத உங்களுக்காக என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நான் வெட்டமாட்டன். கீழ ஒரு வரி கூட்டுறன்" என்று சொல்லி எழுதினார். இந்த வீட்டின் வெளிப்பக்கம் என்றைக்கும் ரோஸ் நிறத்தில் இருக்கும். அண்ணைதான் முதல் கையெழுத்து.

"அப்ப நாங்கள் பிறகும் மாத்த ஏலாதோ?" என்று கேட்டாள் ஆசிரியை. "எனக்கு நீலம்தான் விருப்பம்."

"ஏலாது!" என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். அவள் வெருண்டு போனாள்.

"உள்ளுக்கு என்ன நிறமும் அடி பிள்ளை" என்றேன். "வெளிப்பக்கம் உன்ர இல்லை. என்ரயும் இல்லை."

அடுத்த சனி, சந்தன நிறமாகிவிட்ட கிணற்றடிச் சுவரை மறுபடி ரோஸ் ஆக்க எட்டுப் பேர் வந்தார்கள். அண்ணை ஏணியில் ஏறுவேன் என்று அடம்பிடித்தார். ஏணியை நான்கு பேர் பிடித்தோம். அவர் அடித்ததில் பாதி எங்கள் தலையில். மத்தியானம் என் குசினியில் மீன் குழம்பு கொதித்தது. என் கத்தி என்னிடம் திரும்பி வந்திருந்தது. இந்த வீட்டில் நான் கழித்த நாட்களில் இவ்வளவு சந்தோசமான நாள் வேறு இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். இருந்திருந்தால் அதிலும் நீங்கள் இருந்திருப்பீர்கள்.

இனிப் போகிற இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன கிழமை கூரை போடுவதைப் பார்க்கப் போயிருந்தேன். தம்பியின் ஒழுங்கையில் ஆறு வீடுகள். ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. மழை வந்தால் தண்ணீர் யார் வளவுக்குள் போவது என்பதில் தொடங்கிய கோபமாம். நான் தண்ணீரூற்றுச் சந்திப் பேக்கரியில் பணிஸ் வாங்கி, அரைகுறை விறாந்தையில் கதிரை போட்டு, ஆறு வீட்டையும் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டேன். ஐந்து வீட்டார் வந்து, ஆளையாள் பார்க்காமல் இருந்தார்கள். கடைசி வீட்டு ஐயா மட்டும் வரவில்லை. அவருடைய படலைக்குப் போனேன்.

"நான் அவையளோட கோவம். வரமாட்டன்" என்றார், கையைக் கட்டி நின்றபடி.

"கோவமெண்டா வந்து கதிரையில இருந்து கோவப்படுங்கோ ஐயா. நிண்டுகொண்டு கோவப்பட்டாக் கால் நோகும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் பின்னால் வந்தார். பாதி வழி நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அக்கா. அது நான் பேசிய பேச்சே அல்ல. சொல், இழுவை, இடுப்பில் வைத்த கை, எல்லாம் உங்களுடையவை.

ஐயாவுக்கு இரண்டு பணிஸ் கொடுத்தேன். வாய்க்கால் எந்தப் பக்கம் வெட்டுவது என்று இப்போது ஆறு வீடும் சத்தமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறது.