முழங்காலளவுத் தண்ணீர்

மெல்பர்ன்
9 ஜூலை 1943

அன்புள்ள ஹென்னி,

நான் நலம். உன் கால்வலியும் குட்டி லிஸ்யேயின் இருமலும் தேவலையா? இந்தக் கடிதம் தணிக்கைக்குப் போகாமல், பெர்த்துக்கு வரும் நண்பர் கையில் வருகிறது. படித்ததும் எரித்துவிடு.

ஜப்பான்காரன் பிடித்துக்கொண்ட நம் கிழக்கிந்தியத் தீவுகளின் கரைகளுக்குச் சரியான வரைபடம் இல்லை. அதனால் எங்கள் டச்சு உளவுப் பிரிவுக்காக, தப்பி வந்தவர்களின் விடுமுறைப் படங்களைச் சேர்க்கிறேன். ஆஸ்திரேலியர்கள் உதவிக்குக் கொடுத்த சார்ஜண்ட் கோர்ம்லி நேற்று ஒன்றை நீட்டினார்.

"சார், அம்போன் கடற்கரை. இந்தப் பொம்பள முழங்கால் தண்ணியில நிக்கிறா. ஒயரம் தெரிஞ்சா ஆழம் தெரிஞ்சிடும். ஆளைத்தான் தேடணும்."

"தேட வேணாம்யா, என் சம்சாரம்தான்."

நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார், எனக்கல்ல, படத்துக்கு.

அங்கே நம் பக்கத்து வீட்டிலிருந்த மூசன் எடுத்த படம் அது. மாங்காய்க்கு உப்பு மறந்து உன்னிடம் அன்று நான் வாங்கிய திட்டுகூடக் காதில் கேட்டது.

உன் உயரத்தை உடனே எழுது. கல்யாணத்தன்று சொன்ன உயரம் வேண்டாம், செருப்பில்லாத உயரம். அதை நம்பிப் படகுகள் போகும். இங்கே குளிர்காலம், கம்பளிக் காலுறையும் அனுப்பு. நண்பர் தொப்பியை மாட்டிக்கொண்டார், முடிக்கிறேன்.

படத்தில் உன்னை அளவெடுத்தபின், கோப்புக்குக் கடலும் முழங்காலும் போதுமென்று அதை வெட்டிக் கொடுத்துவிட்டேன். மேல்பாதி என் சட்டைப்பையில் இருக்கிறது.

உன்
வௌட்டர்