சயாம் என்ற பிஸ்கட் டின்

ஞாயிறு, ஆகஸ்ட் 1943. தோட்டத்து ஆபீசில் ஜப்பான்காரர்கள் தங்கள் ஆண்டுக் கணக்கில் 2603 என்று எழுதச் சொல்கிறார்கள். இங்கே எழுத மாட்டேன்.

இன்று ஆட்டத்தில் ஜெயித்தேன். தோற்றிருக்கலாம்.

அவர்கள் வந்ததும் ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் கிடைத்த ஈயச் சிப்பாய்களை வைத்து, நானும் பேக்டரி பிட்டர் சூசையும் ஞாயிறுதோறும் மேசைமேல் சண்டை போடுகிறோம். தேயிலைப் பெட்டிதான் மலை. அடிபட்ட சிப்பாய் பிழைக்கத் தாயக்கட்டையில் ஐந்துக்கு மேல் விழ வேண்டும். இல்லையென்றால் அவன் பிஸ்கட் டின்னுக்குள் போவான். சயாமில் ரயில் பாதை போட லயத்துக் கூலியாட்களை ஜப்பான்காரர்கள் லோரியில் ஏற்றத் தொடங்கியபோது, அந்த டின்னுக்குச் சயாம் என்று பெயர் வைத்தவன் நான்தான். அன்று இருவரும் சிரித்தோம். ஏறிப்போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. போன மாதம் சூசையின் தம்பியையும் கொண்டுபோனார்கள். அப்போதும் பெயரை மாற்ற எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரமாகத் தோற்ற எரிச்சல் எனக்கு. இன்று அவனுடைய கடைசிச் சிப்பாய்க்கு இரண்டு விழுந்தது.

"கட்டை பெட்டியில இடிச்சிருச்சுண்ணே. இன்னொரு தடவ உருட்டுறேன்லா, விளையாட்டுத்தானே?" என்றான். கட்டை இடித்தால் நாங்கள் எப்போதும் விட்டுக்கொடுப்பதுதான்.

"ரூல்னா ரூல்தான். உன் ஆளு சயாமுக்குப் போயிட்டான்!" என்று கத்தினேன்.

சூசை கொஞ்ச நேரம் டின்னையே பார்த்துக்கொண்டு இருந்தான். "வரேண்ணே" என்று எழுந்து போனான்.

சாமான்களை எடுத்து வைக்கும்போதுதான் கவனித்தேன். அந்தச் சிப்பாய் மேசையிலும் இல்லை, டின்னிலும் இல்லை. சூசைதான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

நான் கேட்கப்போவதில்லை. ஒருவனாவது அங்கிருந்து வீடு திரும்பட்டும்.